கையெழுத்துப் போட ஆள் உண்டா?



பூவுக்கும் வெற்றிலைக்கும் பேர்போன மைசூர் தேவராஜ மொஹல்லாவிலிருந்து கிளம்பி வந்த ஒருவர் போர் விமானத்தின் உதிரி பாகங்களைப் பற்றிப் பேசுகிறாரே என்று உங்களுக்குத் தோன்றலாம். மைசூர்க்காரர்களுக்கு அந்த உரிமை உண்டு. 1940 டிசம்பரில் தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை தொடங்கியபோது, மைசூர் திவான் மிர்ஸா இஸ்மாயில் நிலமும் கொடுத்தார், சமஸ்தானத்தின் கணக்கிலிருந்து 25 லட்சம் ரூபாயும் போட்டார். இன்றைய எச்.ஏ.எல். அங்கே பிறந்ததுதான்.

விமானம் செய்யத்தான் ஆரம்பித்தார்கள். யுத்தம் வேறு வேலை கொடுத்தது. ஜப்பான் பர்மாவைப் பிடித்துவிட்டது. அமெரிக்க விமானப் படைக்கு இந்தப் பக்கத்தில் பெரிய பட்டறை ஒன்று தேவைப்பட்டது. 1943ல் தொழிற்சாலை அவர்கள் கைக்குப் போனது. கேட்டலினா என்ற கடல் விமானங்கள் பெல்லந்தூர் ஏரியில் வந்து இறங்கும், அங்கிருந்து பட்டறைக்குப் போகும். நுரை பொங்கித் தீப்பிடித்துப் பேர் வாங்கிய அதே பெல்லந்தூர் ஏரிதான். குண்டுவீச்சு விமானம், சரக்கு விமானம் என்று எல்லாம் வந்தன. பிரித்தார்கள், அளந்தார்கள், தேய்ந்ததை மாற்றினார்கள், திரும்ப மூடினார்கள். விமானம் கட்ட வந்தவர்கள் ரிப்பேர் கடை நடத்தும்படி ஆகிவிட்டதே என்று இதை ஒரு சறுக்கலாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ரிப்பேர் கடை என்ன செய்தது என்பது 1948ல் தெரிந்தது.

லிபரேட்டர் என்பது நான்கு எஞ்ஜின் கொண்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். போருக்காகப் பிரிட்டனுக்கு அமெரிக்கா கொடுத்தது. போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் அழித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. கான்பூரில் நின்றவற்றைப் பிரிட்டிஷ்காரர்கள் அழிக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். கருவிகளை உடைத்தார்கள், எஞ்ஜினுக்குள் மண்ணைக் கொட்டினார்கள் என்றெல்லாம் சொல்வார்கள். எப்படியோ, இனி எவனும் இதை ஓட்டக்கூடாது என்ற நினைப்போடு விட்டுவிட்டுப் போனார்கள்.

காஷ்மீரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. நம்மிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. எச்.ஏ.எல். ஆட்கள் கான்பூருக்குப் போனார்கள். ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டி, பெங்களூர் வரை தாங்கினால் போதும் என்ற அளவுக்குத் தயார் செய்தார்கள். சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு வந்தார். பெங்களூரில் முழுசாகப் பிரித்துச் செப்பனிட்டார்கள். 1948 நவம்பரில் அந்த விமானங்களை வைத்தே விமானப் படையின் 5வது ஸ்குவாட்ரன் தொடங்கியது. சுமார் நாற்பது விமானங்கள் இப்படிக் குப்பையிலிருந்து எழுந்தன. கடைசியாக மிஞ்சியவை 1968 முடியும் வரை பறந்தன. பிரிட்டன், அமெரிக்கா, கனடா அருங்காட்சியகங்களில் இன்று நிற்கும் லிபரேட்டர்களில் சில, நம்மிடம் ஓய்வுபெற்று அங்கே போனவை.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ‘நம்ம ஆளுங்க எதையும் ஒப்பேத்திடுவாங்க’ என்று முடிப்பார்கள். அங்கேதான் எனக்கு மாறுபாடு. அது ஒப்பேற்றிய வேலை இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் அமெரிக்க விமானங்களை அமெரிக்கர்களின் கையேட்டை வைத்து, அவர்களுடைய அளவுகோலில் பிரித்து மூடிப் பழகிய கைகள் பெங்களூரில் இருந்தன. எந்த ஆணி எவ்வளவு தேயலாம், எந்த விரிசலைத் தாங்கும், எதைத் தாங்காது என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ‘இது பறக்கும்’ என்று கையெழுத்துப் போட முடிந்தது.

இதை மோட்டார் சைக்கிளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் ஊரில் 1961லிருந்து 1996 வரை ஐடியல் ஜாவா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை ஓடியது. செக்கோஸ்லோவாகியாவிலிருந்து வந்த தொழில்நுட்பம். பிறகு அதுவே யெஸ்டியானது. தொழிற்சாலை மூடிக் கால் நூற்றாண்டு தாண்டியும் மைசூர்த் தெருக்களில் யெஸ்டி ஓடுகிறது. பாகம் கிடைக்காவிட்டால் மெக்கானிக் லேத்தில் கடைந்து போட்டுவிடுவார். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. போர் விமானத்திலும் அந்த லேத் வேலை முடியும். பல சமயம் அசலைவிட நன்றாகவே முடியும். சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

விமானத்தின் முக்கியமான ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ஜாதகம் உண்டு. எந்த உலோகம், எங்கே வார்த்தது, யார் சோதித்தது, எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறது எல்லாம் அதில் இருக்கும். அந்தக் காகிதம் இல்லாத பாகம், பளபளவென்று இருந்தாலும் பழைய இரும்புதான். உள்நாட்டில் செய்தால் பெங்களூரில் இருக்கும் செமிலாக் என்ற ராணுவ விமானச் சான்றளிப்பு அமைப்பு ஒப்புதல் தர வேண்டும். அவர்கள் எதை வைத்துத் தருவார்கள்? லைசென்ஸ் விற்ற நாடு வரைபடம் கொடுத்திருக்கும்; இந்தக் கனம், இந்த வளைவு என்று இருக்கும். ஏன் அந்தக் கனம் என்ற கணக்கைக் கொடுத்திருக்காது. அந்தக் கணக்கை நாமே புதிதாகச் சோதனை செய்து கண்டுபிடிக்க வருஷக்கணக்காகும். அதுவரை விமானம் தரையில் நிற்கும்.

சரி, நிற்கட்டுமே, பறக்காமல் இருந்தால் தேயாது அல்லவா? தேயாதுதான், ஆனால் வயதாகும். ரப்பர் குழாய், எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல், டயர் எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைக்கு அடியில் வெடிமருந்துத் தோட்டாக்கள் இருக்கின்றன. அவையும் மாத்திரைப் பட்டைபோலக் காலாவதியாகும். அது காலாவதியான விமானத்தில் எந்த அதிகாரியும் எந்தப் பையனையும் ஏற்றி அனுப்ப மாட்டார். கோடிக்கணக்கில் விலையுள்ள விமானத்தைச் சின்னத் தோட்டா ஒன்று கட்டிப் போட்டுவிடும்.

1991ல் சோவியத் யூனியன் உடைந்தபோது நம் விமானப் படை இதையெல்லாம் ஒரேயடியாக அனுபவித்தது. மிக்-21 விமானத்தை நாசிக்கில் கட்டினோம், அதன் எஞ்ஜினை ஒடிசாவின் கோராபுட்டில் செய்தோம். அப்படியும் தப்பவில்லை. ஒரே தேசமாக இருந்தபோது மாஸ்கோவுக்கு ஒரு கடிதம் போட்டால் போதும். உடைந்த பிறகு தொழிற்சாலைகள் ரஷ்யா, உக்ரைன், ஜார்ஜியா என்று சிதறிக் கிடந்தன. சில மூடிவிட்டன, சில டாலர் கேட்டன. நடுவில் தரகர்கள் முளைத்தார்கள். உக்ரைன் கதை அதோடு முடியவில்லை. ஏ.என்-32 சரக்கு விமானங்கள் 105ஐப் புதுப்பிக்க 2009ல் அந்த நாட்டோடு ஒப்பந்தம் போட்டோம். நாற்பது விமானங்களை அங்கேயே அனுப்பிச் செய்வது, மிச்சத்தைக் கான்பூரில் விமானப் படையின் சொந்தப் பட்டறையில் செய்வது என்று ஏற்பாடு. 2014ல் கிரிமியாவை வைத்து உக்ரைனுக்கும் ரஷ்யாவுக்கும் சண்டை வந்தது. கான்பூருக்கு வர வேண்டிய பாகங்கள் தடுமாறிப் போயின. சண்டை இரண்டு அந்நியர்களுக்கு நடுவில். நின்றது நம் விமானம்.

1998ல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு இன்னொரு பாடம். நம் கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டர்கள் பிரிட்டனில் வாங்கியவை. தடை போட்டது அமெரிக்கா. ஹெலிகாப்டருக்குள் அமெரிக்கப் பாகங்கள் இருந்ததால் பிரிட்டன் நினைத்தாலும் அனுப்ப முடியவில்லை. அதாவது, நாம் யாரிடம் வாங்குகிறோம் என்று மட்டும் பார்த்தால் போதாது, அவர் யாரிடம் வாங்குகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். அதே தடையில், தேஜஸ் விமானத்தின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக அமெரிக்காவில் வேலை செய்துகொண்டிருந்த நம் பொறியாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மிச்சத்தை பெங்களூரிலேயே முடித்தார்கள். 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் பறந்தது. ஆனால் எஞ்ஜின் அமெரிக்காவுடையது. 2021ல் ஆர்டர் கொடுத்த 99 எஞ்ஜின்களில் முதலாவது 2025 மார்ச்சில்தான் கிளம்பியது. இந்த முறை தடை எதுவும் கிடையாது. செய்கிறவர்களால் முடியவில்லை, அவ்வளவுதான். கெட்ட எண்ணத்தைவிட இந்த முடியாமை சில சமயம் பெரிய தலைவலி. கோபித்துக்கொள்ளக்கூட ஆள் கிடைக்காது.

பாகம் கிடைக்காமல் விமானத்தைப் பறக்க வைப்பதில் உலகத்தில் ஈரானை மிஞ்ச ஆளில்லை. ஷா காலத்தில் அமெரிக்காவிடம் எண்பது எஃப்-14 விமானங்கள் கேட்டு, 79 வந்து சேர்ந்தன. 1979ல் புரட்சி. சப்ளை நின்றது. அடுத்த வருஷமே ஈராக்கோடு யுத்தம். ஒன்றைக் கொன்று ஒன்றைப் பிழைக்க வைத்தார்கள், கள்ளச் சந்தையில் தேடினார்கள், சொந்தமாகச் செய்தார்கள். 2006ல் அமெரிக்கக் கடற்படை தன் எஃப்-14 விமானங்களுக்கு ஓய்வு கொடுத்த பிறகு, ஒரு திருகாணிகூட ஈரானுக்குப் போய்விடக்கூடாது என்று பலவற்றைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டார்கள். கான்பூரில் மண் கொட்டியது போலத்தான். இந்த முறை கொஞ்சம் ஒழுங்காகச் செய்தார்கள்.

நாமும் ஒன்றும் சும்மா இருந்துவிடவில்லை. சென்னை எம்.ஆர்.எஃப். கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூரில் பலூன் செய்து தொடங்கியவர்கள், சேத்தக் ஹெலிகாப்டருக்கு டயர் செய்து, பிறகு சுகோய்-30க்கும் செய்தார்கள். டயர்தானே என்று நினைக்காதீர்கள். போர் விமானம் இறங்கும் வேகத்துக்கும் எடைக்கும் டயர் என்பது சில பத்து இறக்கங்களில் தீர்ந்துபோகிற பண்டம். அது உள்ளூரில் கிடைப்பது பெரிய நிம்மதி. ஒப்பந்தம் எழுதுகிறவர்களும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். 2016ல் 36 ரஃபேல் வாங்கியபோது, எந்த நேரத்திலும் 75 சதவீத விமானங்கள் பறக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று விற்றவர் தலையிலேயே பொறுப்பைக் கட்டினார்கள். முதல் சில வருஷங்களுக்கு. அந்த வருஷங்கள் முடிந்தபின் நடப்பதுதான் நிஜமான பரீட்சை.

அந்தப் பரீட்சையை இப்போது எழுதிக்கொண்டிருப்பது ஜாகுவார். பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து உருவாக்கியது. 1979ல் நமக்கு வந்தது, பிறகு பெங்களூரிலேயே கட்டினோம். பிரான்ஸ் 2005லும், பிரிட்டன் 2007லும், ஓமான் 2014லும் அதை நிறுத்திவிட்டன. உலகத்தில் ஜாகுவார் ஓட்டுகிற ஒரே விமானப் படை நம்முடையது. பாகம் செய்யும் கம்பெனிக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர் இருந்தால் என்ன ஆகும் என்று வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எஞ்ஜினை மாற்றிப் புதிதாக அமெரிக்க எஞ்ஜின் போடலாம் என்று வருஷக்கணக்கில் பேசினார்கள். விலையைக் கேட்டதும் 2019ல் கைவிட்டார்கள். 2025ல் மட்டும் மார்ச், ஏப்ரல், ஜூலை என்று மூன்று ஜாகுவார்கள் விழுந்தன. காரணம் உதிரி பாகம் என்று நான் சொல்லவில்லை, அதை விசாரிக்கிறவர்கள் சொல்லட்டும். ஆனால் வயது ஒரு பக்கம் இருக்கத்தான் செய்கிறது.

அதனால் விமானப் படை என்ன செய்கிறது? பிரான்ஸில் ஓய்வுபெற்றுக் கிடந்த ஜாகுவார் கூடுகளைக் கேட்டு வாங்கியது. 31 கூடுகள் என்று 2018ல் செய்தி வந்தது. ஓமானிடமும் கேட்டது. எல்லாம் பறப்பதற்கு அல்ல, கழற்றுவதற்கு. வருகிற ஒவ்வொரு பாகமும் பெங்களூரில் யாரோ ஒருவர் மேசைக்குப் போகும். அவர் அதன் ஜாதகத்தைப் படிப்பார், விரிசல் இருக்கிறதா என்று ஒளி பாய்ச்சிப் பார்ப்பார், இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போடுவார், பிறகு பேனாவை எடுப்பார் அல்லது எடுக்க மாட்டார். ஜாகுவார் 2030க்கு அப்பாலும் பறக்க வேண்டும் என்பது திட்டம். அப்படியானால் அந்த மேசையில் உட்காரப்போகிற அடுத்த ஆளை இப்போதே தயார் செய்ய வேண்டும். ஒரு பாகத்தைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொல்லும் தெம்பு வர, கற்றுக்கொடுப்பவர் பக்கத்தில் பத்து வருஷமாவது இருக்க வேண்டும்.