எண்ணும் பெயரும்



மட்டக்களப்பு வாவியில் மாரிக்கு உப்புக் குறையும். கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபடும். இம்மாற்றத்தைக் கணினியிற் பதிய முனையும் மாணவனிடம் நாள், இடம், உப்பின் அளவு, பிடிபட்ட மீனின் பெயர் என எண்ணும் எழுத்தும் கலந்திருக்கும். இவற்றை எதில் இடுவது?

மட்லாப் மென்பொருளில் தாயம் என்பது ஓரினத் தரவையே ஏற்கும். ஆகவே இறாலுக்கு 1, நண்டுக்கு 2, திலாப்பியாவுக்கு 3 எனக் குறியெண் இடுவோர் உளர். ஓர் இறாலும் ஒரு திலாப்பியாவும் பிடிபட்டால், கணினி தயங்காது சராசரி 2 என்னும். வலையிலோ நண்டே இல்லை!

கலங்களாலான அணி எதனையும் ஏற்கும். ஆயின் அதன்மேல் நேரே கணக்கிட இயலாது. 2013இல் மட்லாபிற் சேர்ந்த அட்டவணை வகையே இங்கு ஏற்றது. அதில் ஒவ்வொரு நிரலும் ஓரினம். ஒவ்வொரு நிரையும் ஒருநாட் பதிவு. பைதன் மொழியில் பாண்டாஸ் இப்பணியைச் செய்கிறது.

இன்னொன்று: அளக்காத நாளுக்கு 0 எழுதலாகாது. உப்பு 0 எனின் நன்னீர். வெற்றிடம் எனின் அளக்கவில்லை. இரண்டையும் கலந்தால் கணக்கிற் கோடையும் மாரியாகும். அதை நம்பி இறால் வளர்ப்பவரே நட்டமடைவார்.