மூச்சுக்குத் துணை நிற்போம்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



2017 நவம்பர் 30-ஐ நம்ம மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒக்கி புயலில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்காகக் கரண்டு இல்லை. நமக்குத் தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் கஷ்டம். ஆக்சிஜன் மெஷினை நம்பிப் படுத்திருப்பவருக்கு மூச்சுக்கே கஷ்டம். கொரோனாவுக்குப் பிறகு இந்த மெஷின் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. அதனால்தான் இன்று இதைப் பேசுகிறேன்.

முதல் விஷயம், ஆக்சிஜன் ஒரு மருந்து. மாத்திரைக்கு அளவு இருப்பதுபோல் இதற்கும் உண்டு. நாம் சுவாசிக்கும் காற்றில் 21 சதவீதம்தான் ஆக்சிஜன். மெஷின் அறைக் காற்றை இழுத்து, நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனாகத் தருகிறது. ஆரோக்கியமானவருக்கு விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 95-க்கு மேல் காட்டும். ஆனால் பல வருஷம் பீடி சிகரெட் குடித்தோ, கொதும்பும் மட்டையும் எரித்த அடுப்புப் புகையில் நின்றோ நுரையீரல் கெட்டுப்போனவர்கள் பலருக்கு, டாக்டர்கள் 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்பார்கள். "மூச்சு வாங்குதே" என்று பாசத்தில் திருகைக் கூட்டிவிட்டால், அவர்கள் உடம்பில் கரியமில வாயு தேங்கும். காலையில் தலைவலி, பிறகு தூக்கக் கலக்கம், கடைசியில் மயக்கம். டாக்டர் 2 லிட்டர் என்று எழுதினால் 2 லிட்டர்தான். நாள் முழுக்க 15 மணி நேரமாவது வைக்கச் சொல்லியிருந்தால், "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று கழற்றவும் கூடாது.

ஆக்சிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். விரல் சில்லிட்டிருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் அளவு தப்பும். நம்மைப் போன்ற கறுத்த தோலுக்குச் சில சமயம் கொஞ்சம் கூட்டியே காட்டும். ஆளைப் பாருங்கள். உதடு நீலம் பாய்கிறதா? ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடிகிறதா? நிமிடத்துக்கு 30 மூச்சுக்கு மேல் வாங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? அப்படியென்றால் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது, நெருப்பு. ஆக்சிஜன் தானாக எரியாது. எரிவதைப் பல மடங்கு மூர்க்கமாக எரிய வைக்கும். படுக்கை விரிப்பிலும் உடுப்பிலும் ஊறி நிற்கும். குத்துவிளக்கு, கற்பூரம், மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி, அடுப்பு எல்லாம் 10 அடிக்கு அப்பால் இருக்கட்டும். அந்த அறையில் பீடி சிகரெட் கூடவே கூடாது. மூக்கு காய்ந்தால் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தைலமோ தடவாதீர்கள். தண்ணீர் கலந்த ஜெல் எது என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். சிலிண்டர் வால்வை எண்ணெய்க் கையால் தொடாதீர்கள்.

மூன்றாவது, தினசரிப் பராமரிப்பு. ஈரப்பதக் குப்பியில் காய்ச்சி ஆறிய நீரையோ டிஸ்டில்டு வாட்டரையோ ஊற்றி, தினமும் மாற்றுங்கள். மெஷினைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவிக் காய வையுங்கள். மூக்குக் குழாய் காதுக்குப் பின்னால் அழுத்திப் புண்ணாக்கும். தினமும் பாருங்கள், மெல்லிய பஞ்சுத் துணி வையுங்கள்.

நான்காவது, மூச்சு வரும் வழி. நெய்யூர் ஆஸ்பத்திரியில் பல வருஷம் சேவை செய்த டாக்டர் சோமர்வெல்லைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் 1924 ஜூனில் எவரெஸ்ட்டில், ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல், 28,000 அடி உயரம் வரை ஏறியவர். இறங்கும்போது, குளிரில் கெட்டுப்போயிருந்த தொண்டையின் உள்சவ்வு உரிந்து அடைத்துக்கொண்டது. பனியில் உட்கார்ந்து, இரு கைகளாலும் நெஞ்சை ஓங்கி அழுத்தி அதை வெளியே தள்ளினார், பிழைத்தார். அவ்வளவு நேரம் காற்று மெலிந்த உயரத்தைத் தாங்கியவரைச் சாவின் பக்கம் கொண்டுபோனது ஒரு சின்ன அடைப்பு. வழி அடைத்தால் எத்தனை லிட்டர் ஆக்சிஜன் வைத்தும் பிரயோசனமில்லை.

ஆகவே படுக்கையில் இருப்பவருக்குச் சாய்த்து உட்காரவைத்துத்தான் கஞ்சி கொடுக்க வேண்டும்; கொடுத்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். தொண்டையில் குழாய் போட்டவருக்குச் சளி உறிஞ்சும் முறையை டிஸ்சார்ஜுக்கு முன்பே நர்ஸிடம் கையால் செய்து பழகிக்கொள்ளுங்கள். கை கழுவிவிட்டுத் தொடங்குங்கள். உறிஞ்சு குழாயை உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே எடுக்கும்போதுதான். ஒரு தடவைக்கு 10, 15 விநாடிக்கு மேல் வேண்டாம். மாற்றுக் குழாய் ஒன்றும், அதைவிட ஒரு அளவு சிறியது ஒன்றும் தலைமாட்டில் இருக்கட்டும். அவரால் குரல் எழுப்ப முடியாது. கைக்கெட்டும் இடத்தில் ஒரு மணியும் சிலேட்டும் வையுங்கள்.

சாப்பிடும்போது யாருக்காவது அடைத்து, பேச்சும் இருமலும் வராவிட்டால், குனியவைத்து முதுகில் 5 தட்டு. பிறகு பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே 5 முறை உள்ளும் மேலுமாக அழுத்தம். மாறி மாறிச் செய்யுங்கள். ஒரு வயதுக்குள்ளான குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. முதுகில் தட்டலும் நெஞ்சில் அழுத்தமும்தான்.

கடைசியாக, சங்கத்திடம் நான்கு வேண்டுகோள். ஒன்று, எந்த வீட்டில் மெஷின் ஓடுகிறது என்ற பட்டியல், அந்த வீட்டார் சம்மதத்தோடு, செயலாளரிடம் இருக்கட்டும்; கரண்டு போனால் முதல் போன் அங்கே போகட்டும். இரண்டு, சங்கத்துக்கென்று ஒரு சிலிண்டரும் ரெகுலேட்டரும் வாங்குவோம். சிறிய பி டைப்பில் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டரை மணி நேரம் வரும். ஒரு ராத்திரியைக் கடந்துவிடலாம். மூன்று, தெருவுக்கு இரண்டு பேராவது முதலுதவி பழகுவோம். நான்காவதுதான் பெரிசு. மருமகளோ மனைவியோ ஒருத்தி மட்டும் மாதக்கணக்காகத் தூங்காமல் சளி எடுத்துக்கொண்டிருக்கிறாள். வாரத்தில் இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் நாம் போய் உட்கார்ந்தால், அவள் கொஞ்சம் கண்ணயர்வாள். கவனிக்கிறவள் விழுந்துவிட்டால் படுத்திருப்பவரை யார் கவனிப்பது?

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் அந்தப் பட்டியலையாவது போட்டுவிடுவோம்.