கை எலும்பு முறிந்த பிள்ளையும் ஒரு தாயின் ஒரு நாளும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது களப் பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமா நான் எழுந்தாலே வசூல், நிலுவை, தணிக்கைன்னுதான் ஆரம்பிப்பேன். இன்னைக்கு அதெல்லாம் அப்புறம். நம்ம குழு உறுப்பினர் ஒருத்தர் போன கோடை லீவில் பட்ட பாட்டை உங்களிடம் சொல்ல வேண்டும். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். பேர் வேண்டாம் என்றார். "நத்தம் பக்கம்னு மட்டும் சொல்லுங்க, அது போதும்" என்றார்.

அவர் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. வீட்டில் மாமியார், ஏழு வயதுப் பையன், இடுப்பில் ஒரு பெண் குழந்தை, நாலு ஆடு. இவர் வீட்டிலேயே புளி தட்டுகிறார். ஓடு நீக்கி, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோ கணக்குக் கூலி. உங்களில் பாதிப் பேருக்கு அந்த வேலை தெரியும், விரலும் நகமும் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

காலை பத்தரை மணி இருக்கும். பையன் பக்கத்துத் தோப்பில் கல்லாமை மாங்காய் பறிக்க ஏறியவன் கிளை முறிந்து கையை ஊன்றி விழுந்துவிட்டான். பயல்கள் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் உட்கார வைத்திருக்கிறார்கள். முழங்கைக்கு மேலே புசுபுசுவென்று வீங்குகிறது.

ஊர் கூடிவிட்டது. ஒருத்தர் நல்லெண்ணெய் கொண்டு வருகிறார், ஒருத்தர் கையை நீவி இழுத்தால் சரியாகும் என்கிறார், ஒருத்தர் கலர் வாங்கி வாயில் ஊற்றுகிறார். மாமியார், "ஏத்தா, வெரசாக் கட்டுக்காரர் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ. முட்டையும் பச்சிலையும் வச்சுக் கட்டுனா இருபது நாள்ல கூடிப்போகும்" என்கிறார்.

இந்த இடத்தில் அந்தக் குழுத் தலைவி வந்து சேர்ந்தார். அவர் நம்ம முதலுதவிப் பயிற்சிக்கு வந்தவர். முதல் காரியமாக எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கித் தள்ளி வைத்தார். பையன் கையில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றைப் பிளேடால் அறுத்தார், வெள்ளிக் காப்பைக் கழற்றினார். வீக்கம் ஏறினால் அவை கழறாது, ரத்த ஓட்டத்தையும் இறுக்கும். அப்புறம் ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்து, கை எப்படி இருந்ததோ அப்படியே அணைத்து வைத்து, துணியால் தளர்வாகக் கட்டி, துண்டைத் தூளி மாதிரி கழுத்தில் மாட்டிவிட்டார். நிமிர்த்தவும் இல்லை, மடக்கவும் இல்லை. இதுக்கெல்லாம் பத்து நிமிஷம்கூட ஆகலை. அந்தப் பயிற்சி நாளில் பாதிப் பேர் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பிப் போனதை நான் மறக்கவில்லை, சும்மா சொல்லி வைக்கிறேன்.

மாமியாரிடம் தலைவி சண்டை போடவில்லை. "அத்தே, கட்டுக்காரர் கைராசிக்காரராவே இருக்கட்டும். ஆனா உள்ளுக்குள்ள எலும்பு எப்படி உடைஞ்சிருக்குன்னு படம் எடுக்காம அவருக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். கட்டு வைத்தியம் நம்ம ஊரில் தலைமுறையாக இருப்பது. ஆந்திராவில் இருக்கிற புத்தூர் கட்டுக்கு இன்றும் நம்ம ஊர்களில் இருந்து போகிறவர்கள் உண்டு. நான் அவர்களை ஏளனம் செய்யவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே முறிந்தால், அந்த இடத்தை ஒட்டித்தான் கைக்குப் போகிற ரத்தக் குழாயும் நரம்புகளும் ஓடுகின்றன. அதன் மேல் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால், வீக்கம் வெளியே போக வழியில்லாமல் உள்ளே அழுத்தும். ஐந்தாறு மணி நேரம் ரத்தம் போகாவிட்டால் தசை செத்துவிடும். பிறகு விரல்கள் கொக்கி மாதிரி மடங்கி நின்றுவிடும். ஃபோல்க்மான் என்ற ஜெர்மன் மருத்துவர் 1881-லேயே இதை எழுதி வைத்திருக்கிறார், அந்தக் கோளாறுக்கு அவர் பேர்தான். எலும்பு கூடிவிடும், கைதான் போய்விடும்.

சரி, கதைக்கு வருவோம். அம்மாவின் கையில் 170 ரூபாய் இருந்தது. குழுச் சேமிப்பு வங்கியில் இருக்கிறது. அடுத்த கூட்டம் நாலு நாள் கழித்து. தீர்மானம் போடாமல் பணம் எடுக்க முடியாது. தலைவி தன் கைக்காசு ஆயிரம் ரூபாய் கொடுத்து அனுப்பினார். இதைப் பற்றி அப்புறம் பேசுகிறேன்.

பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பையனை அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார். நகரப் பேருந்து என்பதால் அவருக்கு டிக்கெட் இல்லை. பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு போட்டு, படம் எடுத்து, முழங்கைக்கு மேலே கீறல் விட்டிருக்கிறது, எலும்பு டாக்டர் பார்க்கணும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க என்றார்கள். அங்கிருந்து இன்னொரு பஸ், அது வெளியூர் வண்டி, டிக்கெட் உண்டு. மத்தியானம் ஒன்றரைக்குப் போய் இறங்கினால் சீட்டுக்கு ஒரு வரிசை, படத்துக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை. கைக்குழந்தை பசியில் அழுகிறது. பையன் தாகத்தில் அழுகிறான். தண்ணீர் கொடுக்கலாமா கூடாதா என்று இவருக்குத் தெரியவில்லை. நர்ஸிடம் கேட்டார். கடைசியாக எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டான் என்று அவர் திருப்பிக் கேட்டார். பத்து மணிக்குப் பழைய சோறு, பத்தே முக்காலுக்குக் கலர். மயக்க மருந்து கொடுத்துக் கம்பி வைக்க வேண்டியிருந்தால் வயிறு காலியாக இருக்கணும், அதனால் டாக்டர் பார்க்கிற வரைக்கும் எதுவும் கொடுக்காதீங்க என்றார். இதை எல்லோரும் மனசில் வையுங்கள். அடிபட்ட பிள்ளைக்குப் பாசத்தில் கலரும் பன்னும் ஊட்டுகிறோம், அதனால் ஆபரேஷன் மணிக்கணக்கில் தள்ளிப் போகும்.

நல்ல வேளை, எலும்பு விலகவில்லை. டாக்டர் மணிக்கட்டில் நாடி பார்த்தார். பையனிடம் கட்டை விரலைத் தூக்கச் சொன்னார், கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போடச் சொன்னார், அஞ்சு விரலையும் விரிக்கச் சொன்னார். விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் மூன்றும் மூன்று நரம்புக்கான சோதனை. பிறகு முழங்கையை மடக்கி, பின்பக்கம் மட்டும் மாவு வைத்து, துணிச் சுருளால் சுற்றிவிட்டார்கள். முழு மாவுக்கட்டு அன்றைக்கே போடவில்லை, வீக்கம் வடியட்டும் என்றார்கள். "வலி கூடிக்கிட்டே போனா ராத்திரி ஆனாலும் வந்துருங்கம்மா, காலையில பார்க்கலாம்னு இருந்துராதீங்க" என்று டாக்டர் சொன்னது இவர் காதில் நின்றுவிட்டது.

எட்டு மணிக்கு வீடு வந்தார். காலையில் ஒரு டீ குடித்ததுதான். வந்த பிறகுதான் இன்னொரு வேலை தொடங்குகிறது. சோறு வடிக்கணும், ஆட்டைக் கட்டணும், சின்னதைத் தூங்க வைக்கணும். ஆனால் போய்ப் பார்த்தால் ஆடுகளைப் பக்கத்து வீட்டு உறுப்பினர் மேய்த்துக் கட்டிவிட்டார். இன்னொருவர் ரசமும் சோறும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தட்டாமல் கிடந்த புளியை ரெண்டு பேர் உட்கார்ந்து தட்டி, மறுநாள் எடை போட வருகிற ஆளுக்காகக் கட்டி வைத்துவிட்டார்கள். இதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? தரம் பிரித்தலுக்கு வருகிற அதிகாரி கூட்ட வருகை, சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் பார்ப்பார். இதுக்கு மதிப்பெண் இல்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

ராத்திரி பதினோரு மணிக்குப் பையன் முழித்துக்கொண்டான். "அம்மா, கட்டு இறுக்குது" என்று ஒரே அழுகை. மாமியார், "கட்டுன்னா வலிக்கத்தான் செய்யும், தூங்குடா" என்று தட்டிக் கொடுத்தார். இவர் டார்ச் அடித்துப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் வீங்கி, நீலம் பாய்ந்த மாதிரி இருந்தது. தலைவிக்குப் போன் போட்டார். நகத்தை அழுத்தி விட்டுப் பார்க்கச் சொன்னார் தலைவி. நல்ல கையில் அழுத்தி விட்டால் வெளுத்த நகம் ரெண்டு எண்ணுவதற்குள் சிவப்பாகிவிடுகிறது. அடிபட்ட கையில் அஞ்சு எண்ணியும் வெளுப்பாகவே இருந்தது. விரலை லேசாக நிமிர்த்தினாலே அலறினான், கை சில்லென்று இருந்தது.

108-க்குப் போன் போட்டார்கள். நம் மாநிலத்தில் 2008-இல் இருந்து ஓடுகிற வண்டி, காசு கிடையாது. சின்னக் குழந்தையைத் தலைவி தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சுற்றியிருந்த துணியை மேலிருந்து கீழ் வரை வெட்டித் தளர்த்தி, மடக்கியிருந்த கையைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தார். அரை மணி நேரத்தில் விரல் நிறம் திரும்பியது. விடிய விடிய இவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தலையணை மேல் தூக்கிப் பிடித்திருந்தார். காலை ஒன்பது மணிக்குத் திருப்பூரில் இருந்து வீட்டுக்காரர் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். இவர் பெஞ்சில் சாய்ந்தவர் பத்து நிமிஷத்தில் தூங்கிப் போனாராம்.

"காலையில பார்க்கலாம்"னு இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

கட்டுப் போட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று பல பேர் கேட்டீர்கள். முதல் ரெண்டு மூணு நாள் கை நெஞ்சுக்கு மேலே இருக்கணும், படுக்கும்போது தலையணை, நடக்கும்போது தூளி. முழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தரம் விரலை ஆட்டச் சொல்லுங்கள். அந்தக் கட்டை விரல், வட்டம், விரிப்பு விளையாட்டைத் தினமும் விளையாடுங்கள். செய்ய முடியாமல் போனால் கிளம்ப வேண்டியதுதான். மாவு நனையக் கூடாது. குளிக்கும்போது பாலிதீன் பை கட்டி, கையை வெளியே நீட்டிவிட்டு உடம்பை மட்டும் துடைத்துவிடுங்கள். உள்ளே அரிக்கிறது என்று விளக்குமாற்றுக் குச்சியும் பென்சிலும் விட்டுச் சொறிவார்கள், தோல் கிழிந்து உள்ளேயே சீழ் பிடிக்கும். கட்டில் இருந்து நாற்றம் வந்தாலோ காய்ச்சல் வந்தாலோ தேதி பார்க்காமல் போங்கள்.

இனி பணம். அரசு ஆஸ்பத்திரியில் படத்துக்கும் கட்டுக்கும் இவருக்குச் செலவு இல்லை. பஸ், சாப்பாடு, ரெண்டு நாள் கூலி, இதுதான் செலவு. ஆபரேஷன் என்று வந்திருந்தால் வேறு கதை. 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பம் சேரலாம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கிற பதிவு மையத்துக்குப் போக வேண்டும். அட்டை இல்லாதவர்கள் இன்றைக்கே என்னிடம் பேர் கொடுங்கள், ஒரே நாளில் எல்லோரும் சேர்ந்து போய்விடலாம்.

தலைவி தன் கைக்காசைக் கொடுத்தார் என்று சொன்னேன். அவரிடம் அன்றைக்கு இருந்தது, கொடுத்தார். இல்லாமல் இருந்திருந்தால் கந்து வட்டிக்காரர் வீடுதான். அதனால் செயற்குழுவில் பேசி ஒரு யோசனை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு குழுவும் அவசரத்துக்கென்று 3,000 ரூபாய் கையிருப்பில் வைக்கலாம். யார் வீட்டில் வைப்பது என்பதை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றலாம். ஆஸ்பத்திரி அவசரம் என்றால் தலைவியும் இன்னும் ரெண்டு உறுப்பினர்களும் போனிலேயே பேசி முடிவு எடுத்துப் பணம் கொடுக்கலாம், அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் ஏற்றி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். முதல் ரெண்டு மாதம் வட்டி வேண்டாம் என்று சில குழுக்கள் சொல்கின்றன, வேண்டும் என்று சில குழுக்கள். என்னைக் கேட்டால் வட்டி வேண்டாம். ஆனால் குழுவின் பணம், முடிவு உங்களுடையது.

பையனுக்கு நாலாவது வாரம் கட்டுப் பிரித்தார்கள். கை குச்சி மாதிரி மெலிந்து, தோல் உரிந்து, முழங்கை பாதிதான் மடங்கியது. பாட்டி மறுபடியும் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டார். நீவக் கூடாது, பிடித்து மடக்கக் கூடாது, தானாகவே ஆட்டி ஆட்டிச் சரியாகும் என்று டாக்டர் சொன்னதை, இந்த முறை பையனே பாட்டிக்குச் சொல்லியிருக்கிறான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான், அந்தக் கையால்தான் எழுதுகிறான். மரம் ஏறுகிறானா என்று கேட்டேன். அவன் அம்மா சிரித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

தீர்மான நோட்டு கொண்டு வந்திருக்கிற பிரதிநிதிகள் அவசர நிதி பற்றி உங்கள் குழுவின் கருத்தைச் செயலாளர் அக்காவிடம் சொல்லுங்கள்.