இலை மஞ்சளாகும் முன்னே

ரப்பர் தோட்டத்தில் பாடுபட்டவர்களுக்கு வெள்ளை வேர் நோயைப் பற்றி நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. மரம் மேலே பச்சைப் பசேலென்று நிற்கும். வெட்டினால் பாலும் வரும். மண்ணுக்கு அடியிலோ வெள்ளைப் பூசணம் வேரைப் பற்றி அழித்துக்கொண்டிருக்கும். இலை மஞ்சளாகி உதிரத் தொடங்கிய பிறகு தோண்டிப் பார்த்தால், வேரில் பெரும்பகுதி முன்பே கெட்டுப் போயிருக்கும். அதனால்தான் விவரம் தெரிந்த தோட்டங்களில், இலை வாடும்வரை காத்திராமல், நன்றாக நிற்கும் மரத்தின் அடி மண்ணையும் விலக்கிப் பார்ப்பார்கள்.

மரத்துக்குச் செய்கிற இந்தக் காரியத்தை நம் உடம்புக்குச் செய்கிறோமா? இல்லை. "எனக்கு ஒன்றும் இல்லையே, நான் எதற்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்?" என்று கேட்கிறோம்.

இன்று நாம் இரண்டு நோய்களைப் பற்றிப் பேசுவோம். ஒன்று, பெருங்குடலிலும் மலக்குடலிலும் வரும் புற்றுநோய். இது ஆண்களுக்கும் வரும், பெண்களுக்கும் வரும். மற்றொன்று, ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய். இரண்டும் வெளியே சொல்லக் கூச்சப்படும் இடங்களில் வருபவை. அந்தக் கூச்சமே நோய்க்குத் துணையாகிவிடுவதால், இதைப் பேசியே ஆகவேண்டும்.

ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். அந்த வீட்டு அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயது. சில மாதங்களாக மலத்தோடு இரத்தம் போகிறது. வீட்டில் சொல்லவில்லை. "மூலச் சூடுதான்" என்று தாமே முடிவு செய்து, கடையில் மருந்து வாங்கிச் சாப்பிடுகிறார். "என்னங்க, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கே, ஒரு நடை டாக்டர்கிட்ட போய்ட்டு வாங்களேன்" என்று மனைவி சொன்னால், "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வாயை அடைத்துவிடுகிறார். குலை தூக்க முடியாமல் மூச்சு வாங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். இப்படிப்பட்ட வீடுகள் நம்மிடையே ஒன்றிரண்டு அல்ல.

மலேசிய ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்தான். பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. ஆனால் நம் நாட்டில் இந்நோய் கண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமானோர், நோய் முற்றிய மூன்றாம், நான்காம் நிலைகளில்தான் மருத்துவரிடம் வந்து சேருகிறார்கள். தாமதத்தின் விலை என்ன? 2007 முதல் 2011 வரை நோய் கண்டறியப்பட்ட மலேசியர்களை ஆராய்ந்ததில், முதல் நிலையில் கண்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 75 பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து உயிரோடு இருந்தனர். நான்காம் நிலையிலோ, நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேர்தான்.

இந்த நோய் ஒரே நாளில் வருவதில்லை. குடலின் உட்சுவரில் முதலில் சிறு முளை போன்ற சதை வளர்கிறது. எல்லா முளையும் புற்றாவதில்லை. புற்றாக மாறும் முளையும் அப்படி மாறப் பெரும்பாலும் பத்தாண்டுகள் வரை எடுத்துக்கொள்கிறது. அந்தக் காலத்தில் வலி இருக்காது. கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் மட்டும் கசியக்கூடும். அந்த மறைந்த இரத்தத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய பரிசோதனை இருக்கிறது.

ஐம்பது முதல் எழுபத்தைந்து வயது வரை உள்ளவர்கள், நோய்க்குறி எதுவும் இல்லாவிட்டாலும், அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் இந்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறலாம். ஊசி இல்லை, வலி இல்லை. சிறு குச்சியோடு ஒரு குழாய் கொடுப்பார்கள். வீட்டில், கழிவறைத் தண்ணீர் படாத மலத்தில் அந்தக் குச்சியைத் தொட்டு, குழாயில் போட்டு மூடி, அவர்கள் சொன்ன நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அவ்வளவுதான்.

"இரத்தம் இருக்கிறது" என்று முடிவு வந்தால் இடிந்துபோக வேண்டாம். மூலத்தாலும் அப்படி வரலாம். ஆனால் மூலமா, முளையா என்பதை நாமே தீர்மானிக்கக்கூடாது. மருத்துவர், கேமரா பொருத்திய மெல்லிய வளையும் குழாயைக் குடலுக்குள் செலுத்திப் பார்ப்பார். முளை தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார். புற்றாகும் முன்பே அது போய்விடுகிறது. "இரத்தம் இல்லை" என்று வந்தாலும் ஒரு தடவையோடு விட்டுவிடாமல், அவர்கள் சொல்லும் காலத்தில் திரும்பவும் செய்துகொள்ள வேண்டும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்கிறோம். இந்தப் பரிசோதனை குறி எதுவும் இல்லாதவர்களுக்கு உரியது. கண்ணால் இரத்தத்தைப் பார்த்தவர்கள், வழக்கமாக மலம் கழிக்கும் முறை வாரக்கணக்கில் மாறியிருப்பவர்கள், காரணமின்றி இளைத்தவர்கள், இரத்தசோகை உள்ளவர்கள், எந்த வயதானாலும் குழாய்க்காகக் காத்திராமல் நேரே மருத்துவரைப் பார்க்கவேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்திருந்தால், ஐம்பது வயதுவரை பொறுக்காமல் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி புராஸ்டேட் சுரப்பி. ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, பச்சைப் பாக்கு அளவில் இருக்கும் சுரப்பி அது. வயது ஏறினால் அது பெருக்கும். இரவில் பல தடவை எழுவதும், சிறுநீர் தடைப்பட்டுச் சொட்டுவதும் பெரும்பாலும் அந்தச் சாதாரணப் பெருக்கத்தால் வருபவை, புற்றுநோயால் அல்ல. ஆனாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும். சிறுநீரில் இரத்தம் வந்தால் உடனே காட்டவேண்டும். புற்றுநோயோ, தொடக்கத்தில் பெரும்பாலும் எந்தக் குறியும் காட்டாது.

இதற்கு பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை உண்டு. ஆனால் குடல் பரிசோதனையைப் போல "எல்லாரும் செய்யுங்கள்" என்று இதைச் சொல்வதற்கில்லை. சாதாரணப் பெருக்கத்தாலும் கிருமித் தொற்றாலும்கூட அந்த அளவு ஏறும். சில புராஸ்டேட் புற்றுகள் ஆமை வேகத்தில் வளர்ந்து, ஆயுள் முழுதும் தொல்லை தராமலே போகும். அவற்றுக்குத் தேவையில்லாத சிகிச்சை செய்தால், சிறுநீரை அடக்க முடியாமை போன்ற துன்பம் மிஞ்சலாம். ஆகவே ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள் நன்மை தீமை இரண்டையும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யவேண்டும். தகப்பனாருக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்நோய் இருந்தவர்கள் நாற்பத்தைந்து வயதிலேயே கேட்பது நல்லது.

தாய்மார்களே, பிள்ளைகளே! நம்மில் பலர் இன்று தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டோம். முன்பு லயத்துக்குப் பக்கத்திலேயே தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்தது. டிரெஸ்ஸர் ஐயா முகத்தைப் பார்த்தே கேட்பார். இன்று அப்படிக் கேட்க வீட்டில் உள்ளவர்கள்தாம் இருக்கிறார்கள். "அப்பா, அம்மா, இந்தக் குழாயை வாங்கி வருவோமா?" என்று கேளுங்கள். கிளினிக்குக்குக் கூடவே போங்கள். மலாய் பேசத் தயங்கினால் நீங்கள் பேசுங்கள். அவர்கள் கூச்சம் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

நம் பெரியவர்கள் ஆயிரக்கணக்கான மரங்களைக் கண்ணுங்கருத்துமாகக் காத்தவர்கள். அந்த அக்கறையில் ஒரு பங்கைத் தங்கள் உடம்புக்கும் காட்டட்டும். இலை மஞ்சளாகும் முன்னே வேரைப் பார்ப்போம்.