விமானி யார் சொல்வதைக் கேட்பது?

பட்டம் பெற வந்திருக்கும் பிள்ளைகளே, இன்றைய நாட்கூலியை விட்டுவிட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் தாய் தகப்பன்மாரே,

என் துறை விமானப் பாதுகாப்பு. இலங்கை மலையகத்தில், விமான நிலையமே இல்லாத ஹட்டனில் அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பிள்ளைகள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

1974 டிசம்பர் 4, இரவு பத்து மணிக்கு மேல். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து 182 ஹஜ் யாத்திரிகர்களோடு கொழும்பு வழியாக ஜித்தா போகவிருந்த மார்ட்டின் ஏர் டிசி-8 விமானம் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து ஏழு கன்னி மலையில் மோதியது. பணியாளர் ஒன்பது பேரையும் சேர்த்து 191 உயிர்கள் போயின. இலங்கை மண்ணில் நடந்த விமான விபத்துகளில் இன்றுவரை இதுவே பெரியது.

இறங்க வேண்டிய கட்டுநாயக்க விமான நிலையம் அங்கிருந்து இன்னும் சுமார் 40 கடல்மைல் மேற்கே இருந்தது. தாங்கள் இருக்கும் இடத்தை விமானிகள் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள் என்றது விசாரணை. டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் நம்பியிருந்தது தவறான புரிதலுக்கு இடம் கொடுத்தது என்றும் சொன்னது.

டொப்ளர் கீழ்நோக்கி அலையை அனுப்பி, அது திரும்பி வரும்போது அதிர்வெண்ணில் தெரியும் மாற்றத்தைக் கொண்டு வேகத்தை அளக்கும். கடந்த தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். சின்னப் பிழையும் கூடவே கூடிக்கொண்டு போகும். ஆனால் விமானியின் முன்னால் தெரிவது இலக்கம் மட்டும்தான். அந்த இலக்கத்தை எவ்வளவு சந்தேகிக்க வேண்டும் என்பது அங்கே தெரியாது. இன்றைய செயற்கை நுண்ணறிவிடமும் எனக்கு இருக்கும் முதல் புகார் இதுதான். தெரிந்ததையும் தெரியாததையும் அது ஒரே குரலில் சொல்கிறது.

ஏழு கன்னி மலை விபத்துக்கு மூன்று நாள் முன்பு அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இன்னொரு விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதையடுத்து அமெரிக்கா தரையெச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியது. டொன் பேட்மன் என்ற பொறியியலாளர் உருவாக்கிய அந்தக் கருவி, முதலில் நேர் கீழே உள்ள தரையை மட்டுமே அறிந்தது. எதிரே செங்குத்தாக எழும் மலையை மிகத் தாமதமாகத்தான் சொல்லும். தொண்ணூறுகளில் உலகத்தின் நில வரைபடமே அதற்குள் ஏறியது. இப்போது அது "மேலே ஏறு" என்று கத்தினால், இரவிலும் மேகத்திலும் விமானி யோசிக்கக்கூடாது. முதலில் ஏற வேண்டும், பிறகு கேட்கலாம்.

அப்படியானால் கருவிக்கே எப்போதும் கீழ்ப்படிவதா? 2002இல் ஜெர்மனியின் ஊபர்லிங்கன் வானில், ஒரு விமானத்தின் மோதல் தவிர்ப்புக் கருவி ஏறச் சொன்னது; தரையிலிருந்த கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். விமானி மனிதரைக் கேட்டார். இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் போனார்கள். போயிங் 737 மேக்ஸ் விமானத்திலோ, ஒரேயொரு உணரியின் பிழையான தகவலை நம்பி மென்பொருள் மூக்கைக் கீழே அழுத்தியது. விமானிகள் போராடியும் இரண்டு விபத்துகளில் 346 பேர். யாரை எப்போது கேட்பது என்பதைப் பறக்கும்போது தீர்மானிக்க முடியாது. தரையிலேயே, கருவி செய்பவரும் ஓட்டுபவரும் உட்கார்ந்து பேசி முடித்திருக்க வேண்டும். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2020இல் செயற்கை நுண்ணறிவுக்கு வகுத்த படிநிலைகளில் நடுப்படி இந்த மனித-இயந்திரக் கூட்டுத்தான். இன்று ஆய்வில் சிக்கலான படியும் அதுவே என்பேன்.

இந்தக் கூட்டு உங்களுக்குப் புதிதல்ல. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது உங்கள் அம்மாமார் தராசை மட்டுமா பார்க்கிறார்கள்? சுமந்த பாரம் உடம்புக்குத் தெரியும். இலக்கம் குறைந்தால் கணக்கப்பிள்ளையிடம் கேட்பார்கள். கருவியைச் சாராத ஓர் அறிவும், கேட்கும் உரிமையும் அவர்களிடம் உண்டு. (கேட்டால் நியாயம் கிடைக்கிறதா என்று இங்கே தொடங்கினேன் என்றால் இன்று உங்களுக்குப் பட்டம் கிடைக்காது.)

ஆனால் அதே அம்மா பத்து வருஷம் பாரம் தூக்காமல் தராசை மட்டும் பார்த்திருந்தால்? லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983இலேயே இதை எழுதிவிட்டார்: இயந்திரம் நன்றாக ஓடும் காலமெல்லாம் மனிதரின் கைப்பழக்கம் தேய்கிறது, அது கைவிடும் நேரத்திலோ அந்தக் கைப்பழக்கம்தான் தேவைப்படுகிறது. 2009இல் அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 இதற்குச் சாட்சி. வேகமானிக் குழாய்களை உறைபனி அடைத்ததும் தானியங்கி விலகிக்கொண்டது. விமானிகள் கையால் ஓட்டத் தடுமாறினார்கள். சில நிமிடங்களில் 228 பேர் இல்லை.

இதற்கு முழு விடை இன்னும் எவரிடமும் இல்லை. கணினி படித்தவர்களும் உளவியல் படித்தவர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய வேலை இது. அந்த மேசைக்கு மலையகத்திலிருந்தும் ஆள் வேண்டும். விரும்புகிறவர்கள் விழா முடிந்ததும் என்னிடம் வந்து பேசுங்கள். பதிவாளர் அவர்கள் பெயர்களை வாசிக்கத் தொடங்கலாம்.