கண்டிராக்ட் வேலையும் வரிப் பிடித்தமும்

(பஞ்சாயத்து உறுப்பினர்கள் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய உரை)

 

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள எட்டு அணைக்கட்டுகளின் வாயிலாக, காருக்கும் பிசானத்துக்கும் நமக்கு நீர் அளித்து வருகிறது. அந்நீர் கடைமடை வரை சென்று சேர வேண்டுமானால், கால்வாய்களும் மதகுகளும் குளக்கரைகளும் பருவத்துக்கு முன்பே செப்பனிடப்பட்டிருக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் கரைகள் உடைந்தபோது இதன் அவசியத்தை நாம் நன்கு உணர்ந்தோம். முற்காலத்தில் குடிமராமத்தாக ஊரார் கூடிச் செய்த இத்தகைய வேலைகளில் பெரும்பகுதியை இன்று சிறு கண்டிராக்டர்களே செய்கிறார்கள். அவர்களிற் பலர் நம் ஊர்க் கொத்தனார்கள், மேஸ்திரிகள், விவசாயிகள்.

“பில் தொகையில் வரி என்று வெட்டிவிடுகிறார்கள், அது போனது போனதுதான்” என்று அவர்கள் குறைப்படுவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். இக்காரணத்தால் அவர்கள் டெண்டருக்கே வராமல் ஒதுங்கினால், சிறு வேலைகளை எடுக்க ஆள் கிடையாது. நஷ்டம் கடைமடை விவசாயிக்கே. ஆனால் பிடிக்கப்படும் தொகை போய்விடுவதில்லை. அது கண்டிராக்டரின் பெயரில் முன்கூட்டியே செலுத்தப்படும் வரியாகும். அது அவர் கணக்கில் சேருவது, பஞ்சாயத்தும் அவரும் தத்தம் கடமையைச் செய்வதைப் பொறுத்தது. இதை விளக்குவதே என் நோக்கம்.

பிடித்தம் இரு வகைப்படும். முதலாவது வருமான வரிப் பிடித்தம். 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இது 1972 இல் சேர்க்கப்பட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தில் அமையும் 2025 ஆம் ஆண்டுச் சட்டமும் இதைக் கைவிடவில்லை. ஒரே தடவையில் 30,000 ரூபாய்க்கு மேலோ, ஆண்டு முழுவதிலும் 1 லட்சத்துக்கு மேலோ பட்டுவாடா செய்தால், தனி நபருக்கு 1 சதவீதமும், கம்பெனி, கூட்டு ஸ்தாபனங்களுக்கு 2 சதவீதமும் பிடிக்க வேண்டும். ‘பான்’ என்னும் நிரந்தரக் கணக்கு எண்ணைக் கொடுக்காதவரிடம் 20 சதவீதம் பிடிக்கப்படும்.

இரண்டாவது ஜி.எஸ்.டி. பிடித்தம். 2018 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ள இவ்விதிப்படி, வரி விதிப்புக்கு உட்பட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு, வரி நீங்கலாக, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டால், சர்க்கார் இலாகாக்களும் பஞ்சாயத்துக்களும் 2 சதவீதம் பிடிக்க வேண்டும்.

ஓர் உதாரணம் கூறுகிறேன். ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற தனி நபர் ஒருவர், 4 லட்சம் ரூபாய்க்கு ஒரு மதகைக் கட்டித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத வரி 72,000 ரூபாயைச் சேர்த்து அவருடைய பில் 4,72,000 ரூபாய். இதில் வருமான வரிக்கு 4,000, ஜி.எஸ்.டி.க்கு 8,000 பிடித்தம் போக, இவ்விரு கணக்குகளின்படி கைக்கு வருவது 4,60,000. சிமெண்டும் கம்பியும் 2 லட்சத்துக்கு வாங்கியபோது அவர் 36,000 ரூபாய் வரி கொடுத்திருந்தால், முறையான பில்லைக் காட்டி அதைக் கழித்துக்கொள்ளலாம். மீதி 36,000 ரூபாயில், பிடித்த 8,000 அவர் கணக்கில் வரவாக இருக்கும். ஆகவே அவர் மேற்கொண்டு செலுத்த வேண்டியது 28,000 மட்டுமே. இதே நபர் பான் எண் கொடாதிருந்தால், வருமான வரிக்கு மட்டும் 80,000 ரூபாய் பிடிபட்டிருக்கும்!

கால்வாயில் ஆகாயத்தாமரையை அகற்றுவது போன்ற, தளவாடம் எதுவும் சேராத கூலி வேலை வேறு வகையைச் சேர்ந்தது. அரசியல் சட்டத்தின் 11 ஆவது அட்டவணை பஞ்சாயத்துக்களுக்கு உரியனவாகக் கூறும் 29 விஷயங்களில் சிறு பாசனமும் ஒன்று. இவ்விஷயங்கள் தொடர்பாகப் பஞ்சாயத்துக்குச் செய்யும் வெறும் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, ஆகையால் அப்பிடித்தமும் இல்லை. வருமான வரிப் பிடித்தம் மட்டும் உண்டு.

கட்டட வேலைக்கு இவ்வித வரி வந்த வரலாறு நம் ராஜ்யத்தோடு சம்பந்தப்பட்டது. கட்டட ஒப்பந்தத்தில் அடங்கிய தளவாடங்களுக்கு ராஜ்யம் விற்பனை வரி விதிக்க இயலாது என்று, சென்னை ராஜ்யத்துக்கும் கானன் டங்கர்லி கம்பெனிக்கும் நடந்த வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு 1958 இல் தீர்ப்பளித்தது. 1982 இல் நிறைவேறிய 46 ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அந்நிலையை மாற்றியது. 2017 ஜூலை 1 இல் ஜி.எஸ்.டி. வந்தது. சர்க்காருக்கும் பஞ்சாயத்துக்கும் செய்யும் கட்டட வேலைகளில் பலவற்றுக்கு இருந்த 12 சதவீதச் சலுகை, 2022 ஜூலை 18 முதல் 18 ஆக உயர்ந்தது. ஆகவே பழைய எஸ்டிமேட்டைப் பார்த்து விகிதம் எழுதுவோர் ஏமாந்து போவார்கள்.

இனி, பஞ்சாயத்தார் செய்ய வேண்டியவை. எஸ்டிமேட்டில் வரியைத் தனி இனமாகக் காட்டுங்கள். டெண்டர் தொகை வரி உட்பட்டதா, நீங்கலாகவா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். வருமான வரிப் பிடித்தத்தை அடுத்த மாதம் 7 ஆம் தேதிக்குள் கட்டி, காலாண்டுக் கணக்கையும் தவறாமல் அனுப்புங்கள். ஜி.எஸ்.டி. பிடித்தத்தை அடுத்த மாதம் 10 ஆம் தேதிக்குள் கட்டிக் கணக்குக் கொடுங்கள். காலாண்டுக் கணக்கு தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். பிடித்த வருமான வரியைக் கட்டாமல் வைத்திருந்தால் மாதத்துக்கு ஒன்றரை சதவீதம் வட்டி. பான் எண்ணில் ஓர் எழுத்துத் தவறினாலும், ஏழைக் கண்டிராக்டரின் பணம் அவர் கணக்கில் ஏறாது.

கண்டிராக்டர்கள் செய்ய வேண்டியவையும் உள. பிடித்தச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். ஜி.எஸ்.டி. தளத்தில் வந்துள்ள பிடித்த வரவை ஏற்றுக்கொள்ளுங்கள். வருமான வரிக் கணக்கை ஆண்டுதோறும் தாக்கல் செய்யுங்கள். ஆண்டு வரவு 2 கோடிக்கு உட்பட்ட சிறு கண்டிராக்டர், விரிவான பேரேடு இல்லாமலே, பாங்கு வழி வந்த வரவில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டச் சட்டம் இடமளிக்கிறது. 15 லட்சம் ரூபாய் வரவுள்ளவருக்கு லாபம் 90,000. வேறு வருமானம் இல்லையேல் வரியே கிடையாது. பிடித்த 15,000 ரூபாயும் திரும்பக் கிடைக்கும். கணக்குத் தாக்கல் செய்யாதவருக்கு அது கிடைக்காது.

பஞ்சாயத்து உறுப்பினர்களே! அடுத்த கூட்டத்தில், சென்ற ஆண்டு முடிந்த வேலைகளின் பில்களை எடுத்துப் பாருங்கள். பிடித்த தொகை கட்டப்பட்டதா, சான்றிதழ் வழங்கப்பட்டதா என்று செயலரைக் கேளுங்கள். விடுபட்டிருந்தால் உடனே சரிசெய்யுங்கள். ஐயமிருப்பின் வட்டார அலுவலகத்துக்கு வாருங்கள். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் முன் நம் கால்வாய்களைச் செப்பனிட, நம் ஊர்க் கண்டிராக்டர்கள் தயங்காமல் முன்வரும்படி செய்வோமாக.