படுக்கையிலிருந்து இஸ்தோப்பு வரை

(சங்கத்தின் மாதர் பிரிவு நடத்திய சுகாதாரக் கூட்டத்தில் இயன்மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



பின்னேரம் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். சுவாசப்பையில் புற்றுநோய் முற்றிவிட்டது, இனி முழுதாகக் குணமாகாது என்று டொக்டர் சொல்லிவிட்ட ஒருவர் வீட்டில் இருந்தால், அவருடைய கை கால்களை எப்படிப் பார்ப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

பென்ஷன் வாங்கிய தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். காம்பராவின் மூலையில் படுக்க வைத்திருந்தார்கள். அவருடைய மனைவி, "அசையாம படுத்திருங்கன்னு சொல்லியிருக்கேன் மிஸ், எழும்பினா மூச்சு வாங்குது" என்றார். அன்பால் செய்த காரியம். நான் அந்த அய்யாவிடம், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். அவர் மருந்தைப் பற்றியோ ஆயுளைப் பற்றியோ கேட்கவில்லை. "கக்கூசுக்கு நானே போகணும் மகள். மருமகள் சட்டி எடுக்கிறது மனசுக்குக் கஷ்டமா இருக்கு" என்றார்.

நான் சொல்லப்போகும் பயிற்சிகள் எல்லாம் இதற்காகத்தான். இவை புற்றுநோயைக் கரைக்காது. ஆயுளை நீட்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். இருக்கிற நாட்களில் ஒரு மனிதர் தன் காலில் நிற்பதற்கு உதவும்.

மூச்சு வாங்குகிறது என்று படுத்துவிடுகிறோம். படுத்தால் தொடைச் சதை கரைகிறது. சதை கரைந்த கால் அதே வேலைக்கு முன்பைவிட அதிக மூச்சைக் கேட்கிறது. அதனால் இன்னும் மூச்சு வாங்குகிறது, இன்னும் படுக்கிறோம். ஆக, மூச்சு வாங்குவதில் ஒரு பங்கு நோயால் வருகிறது, ஒரு பங்கு படுக்கையால் வருகிறது. படுக்கையால் வந்த பங்கைத்தான் நாம் குறைக்கப் பார்க்கிறோம்.

2019ஆம் ஆண்டில் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு, முற்றிய சுவாசப்பைப் புற்றுநோய் உள்ள 221 பேரிடம் நடந்த 6 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. பயிற்சி செய்தவர்கள், 6 நிமிடத்தில், செய்யாதவர்களைவிடச் சராசரியாக 60 மீட்டருக்குச் சற்று அதிகமாக நடந்தார்கள். சிறிய ஆய்வுகள்தான், எல்லாருக்கும் அப்படியே நடக்கும் என்று எடுக்கக் கூடாது. ஆனால் கக்கூசுக்கும் பீலிக்கும் போய் வர 60 மீட்டர் எவ்வளவு பெரிது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தொடங்குமுன் கிளினிக் டொக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா? இரத்தம் குறைவாக இருக்கிறதா? இவர் நடக்கலாமா, எதைச் செய்யக் கூடாது? எலும்புக்குப் பரவியிருந்தால் பாரம் தூக்குவது, முதுகை முறுக்குவது ஆகாது. அவருக்கு வேறு பயிற்சி சொல்வார்கள்.

இனிப் பயிற்சிகள். முதலாவது மூச்சு. மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை மெல்ல விட வேண்டும். அடுப்பு ஊதுவதுபோல் பலமாக ஊதக் கூடாது. முன்னால் ஒரு விளக்கு இருப்பதாக நினைத்து, சுடர் அணையாமல் அசைகிற அளவுக்கு ஊதினால் போதும். நடக்கும்போதும் எழும்பும்போதும் இந்த மூச்சுதான் துணை.

இரண்டாவது, கதிரையிலிருந்து எழும்பி உட்காருவது. கதிரையைச் சுவரோடு சேர்த்து வையுங்கள். மூச்சை விட்டுக்கொண்டே எழும்ப வேண்டும், மெதுவாக உட்கார வேண்டும். முதலில் மூன்று தடவை, பிறகு ஐந்து. கக்கூசில் குந்தி எழும்பும் பலம் இதிலிருந்துதான் வருகிறது.

மூன்றாவது, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி இறக்குவது. நான்காவது, அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்துத் தோள் உயரம்வரை தூக்குவது. தலை சீவவும் தானே அள்ளிச் சாப்பிடவும் இந்தப் பலம் வேண்டும்.

ஐந்தாவது நடை. மேட்டில் ஏற வேண்டாம். இஸ்தோப்பிலோ வாசலில் சமமான இடத்திலோ இரண்டு நிமிடம் நடக்கட்டும், உட்காரட்டும், மூச்சு திரும்பியதும் மறுபடி நடக்கட்டும். சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு நிமிடம் கூட்டுங்கள்.

எவ்வளவு போதும் என்று எப்படித் தெரியும்? நடந்துகொண்டே பேசச் சொல்லுங்கள். ஒரு முழு வசனம் பேச முடிந்தால் சரி. ஒரு சொல், இரண்டு சொல் மட்டுமே வருகிறதென்றால் உட்கார வையுங்கள். நம்முடைய ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. முழுப் பேர் போட்டால்தான் வேலை, அரைப் பேர் என்றால் குறைவு என்று நினைப்போம். இதில் அந்தக் கணக்கு இல்லை. இன்றைக்கு அரைப் பேர் போதும். கீமோ ஏற்றிய பிறகு சோர்ந்து கிடக்கிற நாளில் கால் பேர் போதும். கட்டிலில் உட்கார்ந்தபடி முழங்காலை மாறி மாறித் தூக்கினாலும் அது அன்றைய வேலைதான். வலி மருந்து குடிப்பவர் என்றால் அது வேலை செய்யத் தொடங்கிய பிறகு பயிற்சி செய்யட்டும். சாப்பிட்ட உடனே வேண்டாம்.

மூச்சு வாங்கினால் பயப்படாதீர்கள், அவரையும் பயமுறுத்தாதீர்கள். கதிரையில் முன்னால் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றட்டும். கதவைத் திறந்து, விசிறியோ மட்டைத் துண்டோ எடுத்து முகத்துக்கு நேரே வீசுங்கள். மூக்கிலும் கன்னத்திலும் காற்றுப் பட்டால் மூச்சுத்திணறல் தணியும். சுற்றிக் கூட்டமாக நிற்க வேண்டாம். விறகுப் புகை வரும் இடத்தில் அவரைப் படுக்க வைக்காதீர்கள். அவர் இருக்கிற காம்பராவில் யாரும் பீடி, சுருட்டு பிடிக்கக் கூடாது.

சில அறிகுறிகளைக் கண்டால் பயிற்சியை நிறுத்த வேண்டும். நெஞ்சு வலி, மயக்கம், இருமலில் இரத்தம், திடீரென்று கூடிய மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்குவது, கீமோ ஏற்றியவருக்குக் காய்ச்சல். இவை வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. முதுகில் புதிதாக வலி வந்து கால் மரத்துப்போனால், அல்லது மூத்திரம் கட்டுப்படாமல் போனால், காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். முள்ளந்தண்டு நரம்பு அழுத்தப்படுகிறதாக இருக்கலாம். இரவானாலும் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

தலைவர்மாருக்கும் ஒரு வார்த்தை. நான் சொன்ன அய்யாவின் லயத்தில் கக்கூசுக்குப் போக ஏழு படி. பிடிக்க ஒன்றும் இல்லை. மழை பெய்தால் பாசி. அவர் கால் பலமாகி என்ன பயன்? பக்கத்துக் காம்பராப் பொடியன்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூங்கிலில் கைப்பிடி கட்டினார்கள், படியைச் சுரண்டிக் கழுவினார்கள். மருந்து செய்யாததை அந்த மூங்கில் செய்தது. இதைத் தோட்டக் கமிட்டியில் பேசுங்கள். கைப்பிடியும் ஒரு பல்பும் நிர்வாகத்திடம் கேட்கக்கூடிய காரியம். வாங்கித்தாருங்கள். நோயாளிக்கு மட்டுமல்ல, கர்ப்பிணிக்கும் கிழவிக்கும் அது உதவும்.

வீட்டில் இருப்பவர்கள் ஒரு கொப்பி வையுங்கள். திகதி, எத்தனை தடவை எழும்பினார், எவ்வளவு நடந்தார் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். கிளினிக்குப் போகும்போது கொண்டுபோய்க் காட்டுங்கள். மஹரகமைக்கோ கண்டிக்கோ போய்வரவே ஒரு நாள் போகிறது. அங்கே டொக்டருக்குக் கிடைக்கும் சில நிமிடத்தில் அந்தக் கொப்பி உங்களுக்காகப் பேசும்.

அந்த அய்யா ஆறாவது கிழமை, பொல்லை ஊன்றிக்கொண்டு, மனைவி பக்கத்தில் நடக்க, தானே கக்கூசுக்குப் போய் வந்தார். அதன்பிறகு காலையில் இஸ்தோப்பில் உட்கார்ந்து, பிரட்டுக்குப் போகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். நான்கு மாதம் கழித்துக் காலமானார். மரண வீட்டில் மருமகள் என்னிடம், "கடைசிக் கிழமை வரைக்கும் மாமா எங்களைச் சட்டி எடுக்க விடல மிஸ்" என்றார். அழுதுகொண்டுதான் சொன்னார், ஆனால் அதில் ஒரு பெருமை இருந்தது.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், இன்றைக்குப் போய், "படுத்திருங்க" என்று சொல்வதற்கு முன், "உங்களுக்கு எதுவரைக்கும் போகணும்?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற இடம்வரை கூட நடங்கள்.